பக்கக்காற்று

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
ஒன்பது பேர் சேர்ந்து ஒன்பது அணி வாங்கினோம்.
காசு இல்லை. கணக்கில் மட்டும்
ஆளுக்கு நூறு பொன்.
கடைசியாய் வருபவர் எல்லாருக்கும்
நாசி கண்டார் வாங்கித் தரவேண்டும்,
மீன் முட்டையோடு.
பூன் லெங் இதைச் சட்டமாய் எழுதி
லாக்கர் கதவில் ஒட்டினான்.

என் அணியின் பெயர் பாலத்துக் காக்கை.
இரண்டு பெரிய பெயர் வாங்கியதில்
எழுபத்தோரு பொன் போயிற்று.
மிச்சத்தில் ஆறு பேரைத் தேற்றினேன்.
கையில் நின்ற ஒற்றைப் பொன்னுக்குக்
கிடைத்தவன் வான்னஸ் ரூல்கென்ஸ்.
படத்தில் காதுதான் பெரிதாய்த் தெரிந்தது.
வயது இருபத்தொன்பது. வெற்றி, இதுவரை இல்லை.
வேலை, அணித்தலைவனுக்குத் தண்ணீர் சுமப்பது.

ஜனவரியில் ஆஸ்திரேலியா.
மத்தியானச் சோற்றுக்குள் முடிந்துவிடும்,
யாருக்கும் சூடு பிடிக்கவில்லை.
பிப்ரவரியில் பாலைவனம்.
இரவு எட்டரை மணி. எதிர்வீட்டில்
சீனப் புத்தாண்டு விளக்குகளை இன்னும் இறக்கவில்லை.
திரையில் ஒட்டகம், ஒட்டகம், நேர்ச்சாலை,
துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே பார்க்கலாம்
என்றிருந்தபோது
காற்று பக்கவாட்டில் அடித்தது.

நைந்த கைலிபோல் கூட்டம் கிழிந்தது.
சாய்ந்த சாய்ந்த வரிசைகள்.
என் எழுபத்தோரு பொன்னும் பின்துண்டில்.
முன்னே, காற்று வரும் பக்கம்,
யாரோ ஒருவனைத் தன் உடம்பால் மறைத்தபடி
அந்தக் காது.

நாற்பது கிலோமீட்டர் அப்படியே இழுத்தான்.
பிறகு ஒதுங்கினான். கேமரா அவனை விட்டுவிட்டது.
நூற்றுப் பதினெட்டாம் இடம்.
அவன் மறைத்துக் கொண்டுபோனவன் ஜெயித்தான்,
ஜெயித்தவன் பிரகலாதன் அணி.
குரல் செய்தியில் அரை நிமிடம் சிரிப்பு மட்டும் அனுப்பியிருந்தான்.
லாக்கர் கதவுச் சட்டத்தை மறுபடி வாசித்தேன்.
முதல் இருபது பேருக்குப் புள்ளி.
காற்றுக்கு நெஞ்சு கொடுத்தவனைப் பற்றி
ஒரு வரியும் இல்லை.

சனிக்கிழமை பெல்ஜியம், கல் பதித்த சாலை.
எனக்கு இரவு ஷிப்டு.
பதினோரு மணி இடைவேளையில்
கேன்டீன் மேசையில் சாஸ் போத்தலுக்குச் சாய்த்து வைத்த போனில்
என் நாற்பத்து மூன்று பொன் விழுந்தான்.
புல்லில் உட்கார்ந்து
ஒரு கையால் மறு தோளைப் பிடித்திருந்தான்,
அடுத்தவர் குழந்தையைப் பிடிப்பதுபோல்.

'ஆள் மாற்ற எத்தனை மணிவரை?'
என்று கேட்டேன்.

ஹஃபிஸி கறி பப்பைப் பாதியில் நிறுத்தி
என்னைப் பார்த்தான்.
போன வருடம் பாலத்தில் அவன் மோட்டார் சறுக்கியபோது
போனை எடுத்த சூப்பர்வைசர்
முதலில் கேட்டது,
'அப்ப நாளைக்கு யாரு?'
அந்தப் போனைச் செய்தது நான்.
திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரி போனதும் நான்.

பப்பை முடித்தான். ஒன்றும் சொல்லவில்லை.
திரையில் வேறு யாரோ கைதூக்கினார்கள்.

காலை ஏழு. பினாங்குப் பாலம். பெருநிலம் நோக்கி
மோட்டார் பாதையில் நானும் அவனும்.
கண்ணுக்கு நேரே வெயில்,
இடப்பக்கம் கடலிலிருந்து காற்று.
ஹெல்மெட் கயிறு கன்னத்தில் அடித்தது,
சக்கரம் தடுப்புக் கம்பியை நோக்கிப் போகப் பார்த்தது.
அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு
இடது ஓரத்துக்கு நகர்ந்தான், அரைச்சக்கரம் முன்னே.
தோளுக்குள் இரும்புத் தகடு இருக்கிறது அவனுக்கு,
குளிர்காற்றில் வலிக்கும் என்பான்.
பாதிப் பாலம்வரை எனக்குக் காற்றே இல்லை.
ஏன் இல்லை என்று
பிறை போன பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் எழுந்து கணக்கைத் திறந்தேன்.
ரூல்கென்ஸை விற்றால் அரைப் பொன் என்றது.
விற்கவில்லை.
பெரிய மனசெல்லாம் இல்லை,
அரைப் பொன்னுக்கு யாரும் அகப்படவில்லை.

நான் எட்டாம் இடம்.
ஒன்பதில் ஹஃபிஸி.
மீன் முட்டை இப்போது என்ன விலையென்று
விசாரித்து வைத்திருக்கிறேன்.